ஆறு விநாடியில் எழும்பிய இயந்திரம்

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமூட்டும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லி, நிரல் எழுதும் எங்கள் தொண்டர் குழு கேட்டிருக்கிறது. ஆள் மாறிக் கேட்டுவிட்டார்கள். இருந்தாலும், போன மாதம் என் அனுமதிச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சேரும்போது நீங்கள் எழுதிய அறிமுகக் கடிதங்களைப் படித்தேன். ஒருவர் எளிமை என்கிறார். ஒருவர் சுதந்திரம் என்கிறார். இன்னொருவர் பெரிய நிறுவனங்களின் ஆதிக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, மூன்றாம் பக்கத்தில் எங்களுக்குப் புதிய சின்னம் ஒன்றும் வரைந்து அனுப்பியிருக்கிறார். நல்ல சின்னம். கரண்ட் போய் வந்தால் இயந்திரம் ஒழுங்காக எழும்ப வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்று உங்களில் ஒருவர்கூட எழுதவில்லை. எங்கள் வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கூட்டம் கூட்டுவதற்கான பேச்சு.

தொடக்கி என்பது என்னவென்று தெரியாமல் சிலர் வந்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், தெரிந்தவர்களைவிட உங்களைத் திருத்துவது எளிது. கணினியை முடுக்கியதும் இயங்குதளத்திற்குள் முதலில் கண் விழிக்கிற நிரல் அது. மற்ற நிரல்களை அதுதான் எழுப்ப வேண்டும், விழுந்தால் தூக்கிவிட வேண்டும். நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல இயங்குதளங்களில் பெரும்பாலானவை இப்போது ஒரே பெரிய தொடக்கிக்கு மாறிவிட்டன. அது எழுப்புகிற வேலையோடு நிற்காமல் வீட்டில் உள்ள எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறது என்று சிலருக்குக் கோபம். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் எங்கள் குழு. கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கோபப்பட்டவர்கள் முதல் மூன்று மாதமும் செய்தது, பிறக்கப்போகிற தொடக்கிக்குப் பெயர் வைக்கும் சண்டை. எனக்கும் ஒரு பெயர் பிடித்திருந்தது. அதற்காக நானும் நீண்ட கடிதங்கள் எழுதினேன் என்பதை மறைக்கவில்லை.

நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு உடுப்பிட்டியில். குழுவின் தலைவர் என்று யாரும் ரவீந்திரனை நியமிக்கவில்லை. கொடிகாமத்தில் பிறந்து கனடாவுக்குப் போன அவர், அதிகம் பேசியதால் தலைவரானார். நிரல் எழுதத் தெரிந்தவர்தான். ஆனால் ஒரு வரி எழுதினால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் அவருக்கு. பேச்சைக் கேட்க ஆட்கள் வேண்டும். ஆட்கள் வர அதிசயம் ஏதாவது வேண்டும்.

இன்னொருவர் இருந்தார். எங்கோ வடக்கில், பனி விழும் ஊர் ஒன்றில் இருப்பதாக மட்டும் தெரியும். பெயரை அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. யார் எழுதிய மாற்றமானாலும் வாசித்துப் பார்ப்பார். பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். ஒரு வரியில் கேள்வி ஒன்று மட்டும் எழுதுவார். அதற்குப் பதில் இருந்தால் மாற்றம் உள்ளே போகும். எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை நான் கற்றது அந்த ஒரு வரிக் கேள்விகளில்தான். கற்றுக்கொண்டேன் என்று சொல்வதைவிட, எரிச்சலோடு விழுங்கினேன் என்பது பொருந்தும்.

தொண்டைமானாற்றில் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் பழைய கணினி ஒன்று கிடந்தது. வெளிநாட்டில் இருந்து யாரோ அன்பளிப்புச் செய்தது. அதை ஓடப் பண்ணித் தரும்படி செயலாளர் சிவபாலன் அண்ணை கேட்டார். எங்கள் தொடக்கியைப் போட்டு எழுப்பினேன். அதற்கு ஒரே வேலை. எந்த வள்ளம் கடலுக்குப் போயிருக்கிறது, அதில் போகிறவர்களின் போன் இலக்கங்கள் என்ன என்று ஒரு பட்டியல் அதற்குள் இருக்கும். காற்று, கடல் பற்றிய எச்சரிக்கை இணையம் வழியாக வந்தால், அந்த இலக்கங்களுக்கெல்லாம் அது குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். எங்கள் கரையோர வள்ளங்கள் போன் சிக்னல் எட்டும் தூரத்துக்குள்தான் தொழில் செய்கின்றன. ஆகவே அது பயன்பட்டது. ஒரு மாரியும் ஒரு கோடையும் குறையில்லாமல் ஓடியது. கரண்ட் போய் வந்தால் எழும்ப முக்கால் நிமிடம் எடுக்கும். முதலில் இணையக் கருவி எழும்பும். அது வந்தபின் சரியான நேரத்தை வெளியே கேட்டுக் கடிகாரம் திருத்தப்படும். அதன் பிறகுதான் செய்தி அனுப்பும் நிரல். ஒருவருக்குப் பின் ஒருவர், கூட்டுறவுக் கடை வரிசை மாதிரி.

முக்கால் நிமிடம் என்பது ரவீந்திரனுக்கு அவமானமாக இருந்தது. பெரிய தொடக்கியைப் போற்றுகிறவர்கள் எங்களை ஆமை என்று கிண்டல் செய்தார்களாம். இணையவழி மாநாடு ஒன்றில் எங்களுக்கு அரை மணி நேரம் கிடைத்திருந்தது. "அக்கா, உண்மையான இடத்திலை, உண்மையான ஆக்கள் பாவிக்கிற மெசின் ஒண்டு வேணும். ஊர்ச் சங்கம் எண்டால் இன்னும் நல்லம்" என்றார்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் எழும்பும்படி தொடக்கியை மாற்றி எழுதினேன். இரண்டு வாரம் சந்தோசமாக வேலை செய்தேன். முக்கால் நிமிடம் ஆறு விநாடியாகிவிட்டது. திரையில் ஒவ்வொரு நிரலுக்கும் பக்கத்தில் பச்சைப் பொட்டு ஒன்று வரும்படியும் செய்தேன்.

பனி ஊர்க்காரரின் கேள்வி வந்தது. கரண்ட் போய் வந்தபின் கடிகாரம் பிழையாக இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தார்.

அந்தக் கணினியின் கடிகார மின்கலம் செத்துப்போயிருந்தது எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் அது தன் தேதியை மறந்துவிடும். கேள்விக்கான விடை என் கையில்தான் இருந்தது. ஆனால் நான் எழுதிய பதில் வேறு. நாங்கள் தொடக்கி எழுதுகிறோம், மணிக்கூடு திருத்தவில்லை என்று எழுதினேன். குழுவில் பலரும் அதற்குச் சிரிப்புக் குறி போட்டார்கள். ரவீந்திரன் மூன்று போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பனி ஊர்க்காரர் பதில் எழுதவில்லை. தன் ஒப்புதலைத் தராமல் விலகி நின்றார். எங்கள் விதிப்படி இருவர் ஒப்பினால் போதும், மற்ற இருவரின் ஒப்புதலோடு மாற்றம் உள்ளே போனது. அன்று பின்னேரமே அதைத் தொண்டைமானாற்றுக் கணினியிலும் போட்டேன்.

மாநாடு கார்த்திகை மாதத்தில், ஒரு காலை நேரம். ஒன்பது மணிபோல் எங்கள் வடமராட்சிப் பகுதி முழுவதும் கரண்ட் போனது. அரை மணியில் வந்தது. என் வீட்டில் மின்கலச் சேமிப்பு இருந்ததால் நான் திரைக்கு முன்னால் அசையாமல் இருந்தேன். பத்து மணிக்கு எங்கள் முறை. தொண்டைமானாற்றுக் கணினி இன்று காலை உண்மையான மின்வெட்டுக்குப் பின் ஆறு விநாடியில் எழும்பியது என்று ரவீந்திரன் அறிவித்தார். நான் அதன் திரையை உடுப்பிட்டியில் இருந்தபடியே எல்லாருக்கும் காட்டினேன். வரிசையாகப் பச்சைப் பொட்டுகள். யாரோ கைதட்டும் படம் போட்டார்கள்.

போன் அடித்தது. சிவபாலன் அண்ணை. துண்டித்தேன். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தேன். மூன்றாம் முறைதான் எடுத்தேன்.

அங்கே நடந்தது இது. கடல் திடீரென்று கொந்தளிக்கப்போகிறது, வள்ளங்கள் கரைக்குத் திரும்ப வேண்டும் என்ற எச்சரிக்கை பத்து மணிக்கு முன்பே சங்கத்திற்கு வந்துவிட்டது. சிவபாலன் அண்ணை கணினியைப் பார்த்தார். எல்லாம் பச்சை. செய்தி போயிருக்கும் என்று நம்பிவிட்டார். நான்தான் அப்படி நம்பச் சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பவானி சங்கத்திற்கு வந்தாள். அவளுடைய கணவன் தேவன் அன்று கடலில். தேவனின் போன் அவளிடம் இருந்தது. பட்டியலில் அந்த இலக்கமும் உண்டு. கடை வானொலியில் எச்சரிக்கை சொல்கிறார்கள், ஆனால் இந்தப் போனுக்கு ஒன்றும் வரவில்லையே என்று கேட்டாள். அப்போதுதான் யாருக்குமே எதுவும் போகவில்லை என்று சிவபாலன் அண்ணைக்கு உறைத்தது.

நான் அவரிடம் முதலில் சொன்னது, மெசின் நன்றாக ஓடுகிறது, போன் நிறுவனத்தில்தான் ஏதோ கோளாறு என்று. பச்சைப் பொட்டை நானே வரைந்து, நானே அதை நம்பினேன்.

பிறகு உள்ளே போய்த் தேடினேன். மாநாட்டுத் திரையை மூடவில்லை. ரவீந்திரனுக்கு விசயம் தெரிந்ததும், கணினியை மறுபடி தொடக்க வேண்டாம், தடயம் அழிந்துவிடும், எல்லாரும் பார்க்க நேரடியாகவே பிழையைக் கண்டுபிடிப்போம் என்றார். பார்வையாளர்கள் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். பிழை தொடக்கியிலா, நேரம் கேட்கும் நிரலிலா என்று இருவர் சண்டை பிடித்தார்கள். அதில் ஒருவர் பழைய பெயர்ச் சண்டையையும் இழுத்தார். நான் நடுவில் இருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சிவபாலன் அண்ணை போனை வைக்காமல் காத்திருந்தார். இரண்டு நிமிடம் அண்ணை, இரண்டு நிமிடம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ரீச்சர், உந்த ரெண்டு நிமிசம் எத்தனையோ தரம் போயிட்டுது" என்றார் அவர். "மெசினைப் பிறகு திருத்தலாம். இலக்கங்களைத் தாங்கோ, நாங்கள் கோல் எடுத்துச் சொல்லுறம்."

பாதுகாப்பு என்று சொல்லிப் பட்டியலைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தேன். அவரால் பார்க்க முடியாது. நான் உடனே கொடுத்திருக்கலாம். ஆனால் பிழை என் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் பிடித்துவிடுவேன். செய்தி தானாகவே எல்லாருக்கும் போய்விடும். நான் ஜெயித்திருப்பேன். இப்போது எண்ணிப் பார்க்கும்போது அந்தக் கடைசி வசனம்தான் உண்மை, மற்றவை அதற்குச் சாக்கு.

அப்போது போன் கைமாறியது. பவானியின் குரல் உயரவே இல்லை.

"ரீச்சர், என்ரை மனிசன் தன்ரை போனை வீட்டிலை விட்டிட்டுப் போட்டார். வள்ளத்திலை இருக்கிறது அவரோடை போன குருநகர்ப் பெடியன்ரை போன். அந்த இலக்கம் உங்கடை மெசினுக்குள்ளை மட்டும்தான் இருக்கு. வேறை ஒரு இடத்திலையும் இல்லை."

மாநாட்டை அணைத்தேன். பட்டியலைத் திறந்து படம் எடுத்து சிவபாலன் அண்ணையின் போனுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிவபாலன் அண்ணையின் அழைப்பை நான் எடுத்ததில் இருந்து இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

சங்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கு நாலு இலக்கமாகப் பிரித்துக்கொண்டு அடித்தார்கள். எல்லா வள்ளங்களுக்கும் தகவல் சொல்லிவிட்டார்கள். நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. உடுப்பிட்டியில் இருந்து அங்கே போகக் கால் மணி நேரம்தான். அதை நான் முதல் அழைப்பிலேயே செய்திருக்கலாம் என்று வழியில்தான் தோன்றியது.

தேவனின் வள்ளம் கடைசி. அவர்களுக்கு அழைப்பு எட்டியபோது வலை பாதி கடலுக்குள் இருந்தது. வெட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் ஆற்று வாயை நெருங்கும்போது அலை எழும்பிவிட்டது. கரையில் நின்ற எல்லாரும் பார்க்க, வள்ளம் பக்கவாட்டில் சரிந்தது. குருநகர்ப் பெடியன் நீந்தி வந்துவிட்டான். தேவனின் கால் கல்லுக்கும் வள்ளத்துக்கும் இடையில் அகப்பட்டது. ஐந்தாறு பேர் பாய்ந்துபோய் இழுத்து எடுத்தார்கள். பவானி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, அவர்கள் தூக்கி வந்த கணவனின் தலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். நான் கையில் கைபேசியோடு மணலில் நின்றேன். குழுவில் இருந்து செய்திகள் வந்துகொண்டே இருந்தன. பிழையை ரவீந்திரன் கண்டுபிடித்துவிட்டாராம்.

பிழை இதுதான். எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் எழும்பியதால், நேரம் கேட்கும் நிரல் இணையம் வருவதற்கு முன்பே கேட்டுவிட்டது. பதில் இல்லை. பேசாமல் இருந்துவிட்டது. எழும்பிவிட்டதுதானே என்று தொடக்கி அதற்குப் பச்சை போட்டது. கணினி, தான் செய்யப்பட்ட வருடத்தின் முதல் நாளில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. பிறகு இணையம் வந்து எச்சரிக்கையும் வந்தபோது, அது பல வருடங்களுக்குப் பின்னால் வரப்போகிற செய்தி என்று செய்தி நிரல் முடிவு செய்தது. அந்த நாள் வந்ததும் அனுப்பலாம் என்று பத்திரமாக எடுத்து வைத்தது. ஒரு நிரல்கூடத் தன் வேலையில் தவறவில்லை. எல்லாம் பச்சை.

இரண்டு நாள் கழித்து குழு கூடியது. ரவீந்திரன் வருத்தம் தெரிவித்தார், உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. "அக்கா, எங்கடை உரிமத்திலை தெளிவா எழுதியிருக்கு, உத்தரவாதம் ஒண்டும் இல்லை எண்டு. நாங்கள் தொண்டர்கள்தானே" என்றார்.

இந்தச் சொல்லை நீங்களும் விரைவில் சொல்லப் பழகுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். சம்பளம் வாங்காமல் செய்த பிழை சம்பளம் வாங்கிச் செய்த பிழையைவிட மெதுவாகக் காலை நசுக்குவதில்லை. உரிமத்தில் இருக்கும் அந்த வரி நீதிமன்றத்திற்கு எழுதியது. தேவன் அதை வாசித்துவிட்டுக் கடலுக்குப் போகவில்லை.

நான் பழைய வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தேன். கூடவே ஒரு மாற்றம் எழுதினேன். நிரல் எழும்பியது என்பதற்காகப் பச்சை கிடையாது. அது தன் வேலையை ஒரு தரம் செய்து காட்ட வேண்டும். செய்தி அனுப்பும் நிரல் என்றால், கரையில் இருக்கும் உண்மையான ஒரு போனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்து பதில் வர வேண்டும். அதுவரை சிவப்பு. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

அது தொடக்கியின் கொள்கைக்கு முரண் என்றார்கள். எழுப்புவதோடு நமது வேலை முடிந்தது, இதையும் செய்தால் நமக்கும் பெரிய தொடக்கிக்கும் என்ன வித்தியாசம் என்றார் ரவீந்திரன். ஒரு மாதம் வாதாடினார். பிறகு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பிரிந்துபோய்ப் புதிய தொடக்கி ஒன்று ஆரம்பித்தார். அது நான்கு விநாடியில் எழும்புகிறதாம். சின்னமும் அழகாக இருக்கிறது.

பனி ஊர்க்காரருக்குத் தனியாக ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதி, மணிக்கூடு என்று நக்கலடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ அவர் எழுதவில்லை. அந்த மனிதர் மறுபடி நடப்பாரா என்று ஒரு வரி கேட்டிருந்தார். எனக்கு விடை தெரியவில்லை. ஏனென்றால் நான் போய்ப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பியிருந்தேன். ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

இதற்கிடையில் சங்கம் கணினியைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டது. இலக்கங்களைச் சுவரில் மையால் எழுதிவிட்டார்கள். கரண்ட் போனாலும் எழுப்ப வேண்டாத நல்ல ஏற்பாடுதான், ஆனால் இலக்கங்கள் மாறிக்கொண்டே இருந்தன. தைப்பொங்கல் கழிந்ததும் சிவபாலன் அண்ணை அழைத்தார். மெசினைத் திரும்பப் போடலாமா என்று சங்கத்தில் பேசுகிறார்கள், ஆனால் சுவரில் உள்ளதை அழிக்க விடமாட்டார்கள் என்றார். அழிக்கவே கூடாது என்றேன். வேலையைத் தொடங்குவதற்கு முன் தேவனின் வீட்டுக்குப் போக வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று கேட்டேன். அவர் வரவில்லை. "அது நீங்கள் தனியப் போற இடம், ரீச்சர்" என்றார்.

போனேன். தேவன் முற்றத்தில் கதிரை போட்டு, காலை இன்னொரு கதிரையில் நீட்டி, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். முழங்கால் இனி முழுதாக மடங்காது. நடக்கலாம், ஆனால் வள்ளத்தில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பவானி எனக்கும் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

நான் தயார் பண்ணிக்கொண்டு போன வசனங்கள் எதுவும் வரவில்லை. பிழை என்னுடையது என்றேன். கேள்வி கேட்டவரைக் கிண்டல் செய்தது, கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தது, பட்டியலைக் கொடுக்காமல் இழுத்தடித்தது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மெசினுக்குத் தேதி தெரியாமல் போன விதத்தையும் சொன்னேன். அவர் ஊசியை வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரும், வந்தால் எனக்கு லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அண்டைக்கு எந்த வருசம் எண்டு உங்கடை மெசின் நினைச்சது?" என்று கேட்டார்.

சொன்னேன். உள்நாட்டுப் போரின் கடைசிக் காலம் அது. கரையோரம் முழுக்க இராணுவம் முட்கம்பி போட்டிருந்த வருடம்.

தேவன் பவானியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த வருசம் எங்களைக் கடலுக்கே இறங்க விட்டிருக்க மாட்டாங்கள், ரீச்சர்" என்றார். "ஒருத்தரும் இல்லாத கடலுக்கு எச்சரிக்கை என்னத்துக்கு. மெசின் பேசாமல் இருந்தது சரிதான்."

அவர் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்து, விட்ட இடத்தில் இருந்து பொத்தத் தொடங்கினார். அவர் கடலில் இருந்தது மெசினுக்குத்தான் தெரியாது என்பதையும், அந்தக் காலைப்பொழுதில் தேதி தெரிந்த ஒருத்தி உடுப்பிட்டியில் திரைக்கு முன்னால் இருந்தாள் என்பதையும் அவர் எனக்குச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.